நாலாவது ஆள்

ஏப்ரல் 17, 2019

பாரீஸில் மாதா கோயில் கூரை எரிந்து விழுந்தது திங்கட்கிழமை. ஃபெர்னானை அடக்கம் செய்தது இன்று, புதன். இனி யார் கேட்டாலும் ஃபெர்னான் போன வருஷத்தைச் சொல்ல எனக்குக் காலண்டர் வேண்டாம். எப்போதுமே வேண்டியிருந்ததில்லை. எழுத்துப் படிக்காதவனுக்கு வருஷங்கள் எண்ணாக வராது. எது எரிந்தது, எந்த ஆலையை மூடினார்கள், யாருக்கு முதல் குழந்தை பிறந்தது என்றுதான் வரும்.

என் மகள் சில்வானா இந்தப் போனில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. “யாருக்குப்பா இதெல்லாம்?” என்றாள். எனக்குத்தான். வேறு யாருக்கு?

குஸ்ஸே கல்லறையில் மூன்று பேர் பக்கம் பக்கமாக நின்றோம். நான், க்ளோடியுஸ், எமே. ஃபெர்னானைப் போலவே மூவரும் சாயப்பட்டறை ஆட்கள். லியோன்காரர்களின் பட்டுக்கு வில்லுர்பானில் நாங்கள் சாயம் போட்டோம். பட்டு அவர்கள் தோளில், சாயம் எங்கள் நகக்கண்ணில். க்ளோடியுஸ் அங்கே மேஸ்திரி. எண்பத்தாறு வயதிலும் மேஸ்திரிதான். எமேக்குக் காது கேட்காது. கேட்க வேண்டியது மட்டும் கேட்கும்.

பிறகு எங்கள் பந்தாட்டச் சங்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்தோம். ஃபெர்னானின் கிளாஸையும் எடுத்து வைத்துவிட்டான் எமே, பழக்கத்தில். யாரும் அதை நகர்த்தவில்லை.

“மூணு பேருதான்,” என்றார் க்ளோடியுஸ்.

அதற்கு அர்த்தம் மூவருக்கும் தெரியும். பட்டறையின் பெரிய முதலாளி பந்தாட்ட மைதானத்தை எங்களுக்கு விட்டபோது ஒரு வார்த்தை சொன்னார், நோட்டரியிடமும் பதிந்தார்: பட்டறையில் வேலை பார்த்தவர்கள் நால்வர் ஒவ்வொரு வருஷமும், ஈஸ்டருக்குப் பின் ஏழாவது ஞாயிறான பெந்தகோஸ்து அன்று இறங்கி ஆடும்வரை மண் சங்கத்துடையது. எங்கள் இரும்புப் பந்து ஆட்டத்தில் அணி என்றால் நால்வர், அதனால் நால்வர். நாற்பது பேர் ஆடிய காலத்தில் அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது பட்டறை மூடி நெடுங்காலம் ஆயிற்று. புதிதாக எவனும் பட்டறை ஆள் ஆக முடியாது.

முதலாளியின் பேரப்பிள்ளைகளுக்கு மண் வேண்டும். வேண்டாமா பின்னே? இந்த ஊரில் கைக்குட்டை விரிக்கிற இடத்தில் ஆறு மாடி எழுப்புகிறார்கள். மைதானத்துக்கு நாலு பக்கமும் ஜன்னல்கள். பெண்கள் துணி உலர்த்திக்கொண்டே எங்கள் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்வார்கள். இந்த வட்டாரத்தில் தலைக்குமேல் இன்னொருவர் தரை இல்லாத இடம் அது ஒன்றுதான். என் வீடு நாலாவது மாடியில் இரண்டு அறை. மேலே ஒரு குழந்தை ஓடுகிறது, கீழே ஒருவர் இருமுகிறார். என் மனைவி பியெரீனா போனபிறகு காலையில் எழுந்ததும் என் கால் தானாக மைதானத்துக்குத்தான் போகிறது. அது போய்விட்டால் இந்தக் காலை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

“ஒருத்தன் இருக்கான்,” என்றான் எமே, கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

க்ளோடியுஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

தூக்கம் இல்லை. பெயரை நானே சொல்லிவிடுகிறேன். அரெஸ்கி.

அவன் எங்களை விட்டுப் போனது மெட்ரோ வந்த வருஷம். மே மாதத் தொடக்கத்தில் ரயிலைத் திறந்தார்கள். அடுத்த வாரம் எங்கள் இத்தாலியில், ரோமில், கடத்தப்பட்டிருந்த தலைவரைக் காரின் பின்பெட்டியில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். பியெரீனா வானொலிப் பெட்டியை விட்டு நகரவில்லை. அந்த ஞாயிறுதான் பெந்தகோஸ்து.

அரெஸ்கி அல்ஜீரியாவின் கபீல் மலைக்காரன். கறுப்புச் சாயப் பகுதியில் என் பக்கத்துத் தொட்டி அவனுடையது. சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவன் இனத்தில் முதலில் சேர்ந்தவன் அவன்தான். மற்றவர்கள் மதில்மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். இவனுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தார்கள்.

கொட்டகைச் சுவரில் எங்கள் ஃபான்னி இருந்தாள். சின்ன மரக்கூடு, அதற்குச் சிவப்புத் திரை. திரையை விலக்கினால், பாவாடையை இடுப்புக்குமேல் தூக்கிக்கொண்டு நமக்குப் பின்பக்கத்தைக் காட்டும் குண்டுப் பெண்ணின் படம். ஒரு புள்ளிகூட எடுக்காமல் பதின்மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றவன் மண்டியிட்டு அங்கே முத்தம் கொடுக்க வேண்டும். மணி அடிப்பார்கள், தெருவே சிரிக்கும். இந்தப் பக்கத்தில் எல்லாச் சங்கத்திலும் ஒரு ஃபான்னி உண்டு. நானும் கொடுத்திருக்கிறேன். எச்சிலும் வார்னிஷும் கலந்த வாசனை இருக்கும்.

அன்று எங்கள் நால்வருக்கும் ஃபெர்னானுடைய நால்வருக்கும் ஆட்டம். அரெஸ்கி ஃபெர்னான் பக்கம். அரெஸ்கியின் அப்பா ஊரிலிருந்து முதல்முறையாக வந்திருந்தார். வெள்ளை அங்கி, கைத்தடி. மகன் பிரெஞ்சுக்காரர்களோடு சமமாக ஆடுவதைப் பார்க்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தான். பன்னிரண்டு, பூஜ்யம். குட்டிப் பந்துக்கு மிக அருகில் நிற்கும் பந்துக்குத்தான் புள்ளி; அங்கே அவர்கள் பந்து நின்றது, கடைசிப் பந்து க்ளோடியுஸ் கையில்.

அந்த இடத்தில் யாராயிருந்தாலும் பந்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பார்கள். எதிராளிக்கு ஒரு புள்ளி போகும், அவன் மானம் தப்பும். பாதிரியாருக்கு அப்படித்தான் செய்வோம். “விட்டுடு, அவன் அப்பா இருக்காரு,” என்று க்ளோடியுஸ் காதில் சொன்னேன்.

அவர் அடித்தார். இரும்பில் இரும்பு பட்ட சத்தம் இப்போதும் கேட்கிறது. பதின்மூன்று.

மணி அடித்தார்கள். ஃபெர்னானும் மற்ற இருவரும் மண்டியிட்டு முத்தம் கொடுத்துவிட்டு எழுந்தார்கள். அரெஸ்கி தன் பந்துகளைத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். பையில் போட்டான். அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினான். “பழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்,” என்று பின்னாலிருந்து கத்தினார் க்ளோடியுஸ். அரெஸ்கி திரும்பவில்லை. மதில்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் குதித்துப் போனார்கள். மறுநாளிலிருந்து தொட்டியடியில் என்னிடம் சாயத்தைப் பற்றி மட்டும் பேசினான்.

அந்த மதில் ஆட்களில் ஒருவர்கூடச் சங்கத்தில் சேரவில்லை. பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லாரும் பட்டறை ஆட்கள். பிள்ளைக்குட்டிக்காரர்கள், இளவயது, நல்ல கை.

ஏப்ரல் 22

ஈஸ்டர் திங்கள். மழை. சில்வானா ஆட்டுக்கறி கொண்டுவந்தாள். சாப்பிட மனசில்லை. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 26

போய்விட்டு வந்தேன்.

டோன்கினில், கோபுரக் கட்டடம், ஆறாவது மாடி. கதவைத் திறந்தவள் அரெஸ்கியின் மகள் உவார்தியா. ஐம்பது வயசு இருக்கும். என் பெயரைச் சொன்னேன்.

“தோனாத்தோவா? பக்கத்துத் தொட்டி தோனாத்தோ?” மேலும் கீழும் பார்த்தாள். “குஸ்ஸேயிலருந்து மெட்ரோல நாலு ஸ்டாப், முசே. வழி கண்டுபிடிக்க நாப்பது வருஷம் ஆச்சா?”

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“உள்ள வாங்க. நின்னுக்கிட்டே வெட்கப்பட்டா கால் வலிக்கும்.”

அரெஸ்கி பால்கனியில் உட்கார்ந்திருந்தான். தலை வெளுத்துவிட்டது, முதுகு மட்டும் வளையவில்லை. என்னைப் பார்த்ததும், “யாரு செத்தது?” என்று கேட்டான். ஃபெர்னான் என்றேன். “நல்லவன். தொட்டியில விழ இருந்தேன், கையைப் பிடிச்சான்,” என்றான். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னேன். நாலாவது ஆள் இல்லை, ஜூன் ஒன்பதாம் தேதி பெந்தகோஸ்து, மண் போய்விடும்.

அவன் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“எங்கப்பா ஊருக்குத் திரும்பிப் போற வரைக்கும் அதைப் பத்திப் பேசல. கப்பல் ஏறும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. படத்துல இருந்த பொண்ணு யார் வீட்டுப் பொண்ணு, அவ வீட்டு ஆம்பளைங்களுக்கு இது தெரியுமான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“முதலாளி வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன்.”

இருவரும் சிரித்தோம். சிரிப்பு நின்றபிறகு, “அடுத்த வருஷம் அவர் போயிட்டாரு,” என்றான். “பிரான்ஸ்ல அவர் பார்த்த கடைசி ஞாயித்துக்கிழமை அது.”

கிளம்பும்போது சொன்னான்: “நீ கூப்பிட்டா வர மாட்டேன். எமே கூப்பிட்டாலும் வர மாட்டேன். அந்தப் பந்தை அடிச்சவன் வந்து கூப்பிடணும். இங்க, மேல வந்து.”

ஏப்ரல் 27

க்ளோடியுஸிடம் சொன்னேன்.

“நான் போகணுமா? ஆறு மாடி ஏறி? தொழிலாளி வீட்டுக்கு மேஸ்திரி?”

“பட்டறையே இல்ல, நீ என்ன மேஸ்திரி?” என்றான் எமே. “உன் வீட்டுப் பூனைகூட நீ சொன்னா கேக்கறதில்ல.”

“உன் காது செவிடுதானே, நீ ஏன் நடுவுல பேசற?”

“உன் முட்டாள்தனம் மட்டும் ரெண்டு காதுலயும் நல்லா கேக்குது.”

பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மே 8

போர் முடிந்த நாள், விடுமுறை. மைதானத்தில் க்ளோடியுஸும் நானும் மட்டும். அவர் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஞாயிறைப் பற்றி அவர் வாயைத் திறந்தது இதுதான் முதல்முறை.

“விருந்தாளிக்குத்தாண்டா புள்ளி விட்டுக்கொடுப்பாங்க. பாதிரியாருக்கு விட்டோம். நகரசபை ஆளுக்கு விட்டோம். உனக்கு விட்டேனா, இத்தாலிக்காரா?”

“இல்ல.”

“நீ மண்டி போட்ட அன்னைக்குத்தான் உன்னை நம்ம ஆளுன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி உன் முதுகுக்குப் பின்னால உன்னை என்னன்னு கூப்பிட்டாங்கன்னு உனக்குத் தெரியாது. அவனுக்கும் அதையே கொடுக்கணும்னு நினைச்சேன். புள்ளியை விட்டிருந்தா அவன் காலம் பூரா விருந்தாளிதான்.”

“அவன் அப்பா உட்கார்ந்திருந்தாரே.”

விளக்குமாறு நின்றது. “நான் முதல்ல முத்தம் கொடுத்தப்ப எங்கப்பா அதே மரத்தடியில உட்கார்ந்திருந்தாரு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. எல்லா அப்பாவும் அப்படித்தான் சிரிப்பாங்கன்னு நினைச்சேன்.”

இதை அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால்? நான் ஏன் அப்போதே இவரைக் கேட்கவில்லை? கெட்ட எண்ணம் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். அரெஸ்கியும் அப்படியே. அதை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கிழவர்களாகிவிட்டோம்.

மே 14

மைதானத்து மூலையில் யாரோ சிவப்புப் பெயின்டால் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அளக்க வந்தவர்களாம்.

மே 23

காலையில் க்ளோடியுஸ் என் வீட்டு மணியை அடித்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, ஷேவ் செய்த முகம். கையில் பேக்கரி அட்டைப்பெட்டி, சர்க்கரை பூசிய பாதாம் பதித்த ரோஸ் நிற ரொட்டி. “வா,” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

டோன்கினில் லிஃப்ட் ஓடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஓடவில்லையாம். “நாளைக்கு வரலாம்,” என்றேன். “நாளைக்கு எனக்கு இந்தத் தைரியம் இருக்காது,” என்று சொல்லிவிட்டு ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியை என்னிடம் தரவில்லை. நாலாவது மாடியில் ஒரு பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். உட்கார மாட்டேன் என்றார்.

உவார்தியா கதவைத் திறந்து, “முசே, உங்க முகம் சுண்ணாம்பாட்டம் இருக்கு,” என்று அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். அவர் பெட்டியை நீட்டினார். ரம்ஜான் நோன்பு மாதம், நட்டநடுப் பகல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். உவார்தியா பெட்டியை வாங்கி அடுக்களைக்குக் கொண்டுபோனாள். “சாயங்காலம் எல்லாரும் சாப்பிடறோம். அப்பாவுக்கு இனிப்புன்னா உயிர்,” என்றாள்.

அரெஸ்கி எதிரில் உட்கார்ந்திருந்தான். க்ளோடியுஸுக்கு மூச்சு திரும்பும்வரை காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை, உதவவும் இல்லை.

“பெந்தகோஸ்துக்கு ஒரு ஆள் குறையுது,” என்றார் க்ளோடியுஸ்.

“நாப்பது வருஷமா குறையுது.”

“உங்கப்பா சிரிப்பாருன்னு நினைச்சேன்.”



“சிரிக்கத் தெரிஞ்ச மனுஷன்தான்,” என்றான் அரெஸ்கி. “எங்க ஊர்ல அவர் இருந்தா கல்யாண வீடே சிரிக்கும். அன்னைக்கு நீங்க சிரிச்ச சிரிப்புல அவருக்கு உட்கார இடம் இல்ல.”

“எனக்கு அது தெரியல.”

“தெரியலன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது.”

பிறகு உள்ளே போனான். பழைய தோல் பையோடு திரும்பி வந்தான். பந்துகள் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தன. உவார்தியா சொன்னாள்: “மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போடுவாரு. ஏன்னு கேட்டா இரும்புக்கு நல்லதும்பாரு.”

மே 30

இயேசு விண்ணேறிய நாள். விடுமுறை. நால்வரும் மைதானத்தில் இறங்கினோம். நால்வர். இந்த வார்த்தையை இன்னொருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

அரெஸ்கி முதல் பந்தை உருட்டினான். நேராகப் போய்க் குட்டிப் பந்தின்மேல் கன்னத்தைச் சாய்த்த மாதிரி நின்றது. க்ளோடியுஸ் தன் முறைக்கு ஓடிவந்து அடித்தார். பந்து மதிலில் பட்டுத் திரும்பியது.

“நோன்புக்காரன் தண்ணிகூடக் குடிக்காம குறி வைக்கறான்,” என்றான் எமே. “நீ அரை லிட்டர் குடிச்சிட்டும் மதிலைத்தான் அடிக்கற.”

“மதில் பெருசா இருக்கு, அதான்,” என்றார் க்ளோடியுஸ்.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து துணி உலர்த்தும் பெண் கேட்டாள்: “யாரு இந்தப் புது ஆள்? நல்லா ஆடறாரே.”

“புது ஆள் இல்லம்மா, பழைய ஆள்,” என்று அண்ணாந்து கத்தினார் க்ளோடியுஸ். “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க ஆள்.”

அரெஸ்கி கொட்டகைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். சுவரில் நாலு ஆணித்துளை மட்டும் இருந்தது. க்ளோடியுஸ் முதல்நாளே மரக்கூட்டைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார். “அவ எங்க?” என்றான். எமே க்ளோடியுஸைக் கை காட்டினான். “கொண்டுவந்து மாட்டுங்க. அவ பாவம் என்ன பண்ணினா? தோக்காம ஆடுவோம்,” என்றான்.

மாலையில் அவனை மெட்ரோ வாசல்வரை க்ளோடியுஸ்தான் கொண்டுபோய் விட்டார். இரண்டு கிழவர்களும் ரொம்ப மெதுவாக நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. க்ளோடியுஸ் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டே போனார்.

ஜூன் 3

க்ளோடியுஸ் போய்விட்டார். நேற்றுக் காலை, ஞாயிறு. காபி அடுப்பில் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்து பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். நாற்காலியிலேயே.

ஒரு வாரம்யா. ஒரே ஒரு வாரம். பெந்தகோஸ்து ஞாயிறு இந்த ஞாயிறாக இருந்திருக்கக் கூடாதா?

என்ன பேசுறேன்னு எனக்கே தெரியல. மண்ணை நினைச்சு அழுறேனா, அந்த ஆளை நினைச்சா?

மாலையில் உவார்தியா போன் செய்தாள். அழுதாள். “மாடி ஏறினதாலதானே, முசே? லிஃப்ட் ஓடியிருந்தா இருந்திருப்பாருல்ல?”

“லிஃப்ட் இல்லம்மா,” என்றேன். “அந்த வருஷம் உங்கப்பா எங்க தெருமுனை விடுதியில இருந்தான். கீழ்த்தளம். வாசல்ல ஒரு படிகூட கிடையாது. அப்பவே போயிருக்கணும்.”

பிறகு, “அப்பா ஞாயித்துக்கிழமை வர்றேங்கறாரு. வரலாமான்னு கேக்கச் சொன்னாரு,” என்றாள்.

ஜூன் 9

பெந்தகோஸ்து.

பக்கத்து ஊரான வோவில் இருந்து எதிரணி நால்வர் வெள்ளை உடையில் வந்தார்கள். எங்கள் பக்கம் மூவர். பேரப்பிள்ளைகள் அனுப்பிய ஆள் நீலக் கோட்டுப் போட்ட இளைஞன். ரொம்ப மரியாதையானவன். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டுவதற்குக்கூட இடம் தரவில்லை.

“எங்க ஆள் ஒருத்தரை எடுத்துக்கோங்க,” என்றார் எதிரணித் தலைவர்.

நீலக் கோட்டு முடியாது என்று தலையை ஆட்டினான். “பட்டறையில வேலை பார்த்தவரா இருக்கணும், முசே. மன்னிச்சுக்கோங்க. சாயங்காலம் அஞ்சு வரைக்கும் காத்திருக்கேன். வேற யாராவது இருக்காங்களா?”

அரெஸ்கி மதிலைப் பார்த்தான். மதில்மேல் இப்போது யாருமில்லை. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். மொகாந்த், ஊருக்குப் போய்ச் செத்தான். ஸைத், நுரையீரல், இங்கேதான். ராபா, கட்டட வேலையில் விழுந்தான். பதினைந்து பேரையும் சொன்னான். ஒருவனைக்கூட விடவில்லை. நான் அவர்கள் தொட்டி எந்த நிறம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போன வருஷம்வரை இருந்த கடைசி ஆள் அரெஸ்கியின் தம்பி. நல்லா அடிப்பானாம். இந்த மைதானத்தில் ஒருநாளும் ஆடியதில்லை.

“இத்தனை பேர் இருந்தாங்களா?” என்றான் எமே. அவன் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

ஐந்து மணி ஆயிற்று. நீலக் கோட்டு எழுந்து நின்றான்.

“வந்தது வந்தோம்,” என்றான் அரெஸ்கி. “ஆடுவோம்.”

ஆடினோம். நாலாவது ஆளின் முறை வந்தபோது க்ளோடியுஸின் பந்துகளை மாற்றி மாற்றி நாங்களே போட்டோம். ஜன்னல்களில் எல்லாரும் நின்றிருந்தார்கள். யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பதின்மூன்றுக்கு ஐந்து, தோற்றோம். நீலக் கோட்டுப் பையன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கடைசிப் பந்துவரை நின்று பார்த்தான். போகும்போது எங்கள் மூவருக்கும் கை கொடுத்தான். அரெஸ்கிக்கு இரண்டு கையாலும்.

ஜூன் 26

நேற்றுக் கூடைப்பந்தில் எங்கள் ஊர் ஜெயித்தது. விடிய விடிய ஹாரன். ஜன்னலைச் சாத்தவும் முடியாது, அப்படி ஒரு வெக்கை.

ஆகஸ்ட் 28

மரங்களை வெட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. வெட்டுகிற சத்தம் என் அறைக்கே கேட்டது.

செப்டம்பர் 19

காலையில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கி வாசலில் நின்றேன். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. கடைசியில் மெட்ரோ ஏறினேன். டோன்கினில் லிஃப்ட் ஓடுகிறது. அரெஸ்கியும் நானும் பால்கனியில் உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு என்னிடம் கேட்க நிறைய இருந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு யார் யார் நன்றாக ஆடினார்கள், எந்தக் கோப்பையை யார் வாங்கினார்கள், ஃபெர்னானின் கை கடைசிவரை நடுங்காமல் இருந்ததா? ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாற்பது வருஷ ஆட்டத்தை ஒருவனுக்கு வாயால் சொல்லிக் காட்டுவது எவ்வளவு நேரம் பிடிக்கும்? தினமும் போனாலும் தீராது போலிருக்கிறது.

நவம்பர் 21

எமே. மகன் வீட்டில், தூக்கத்தில். போன வாரம்தான் போனில் கத்தினான்: “க்ளோடியுஸ் மேல போயும் மேஸ்திரி வேலை பார்க்கறானான்னு போய்ப் பார்க்கணும்.” அடக்கத்துக்கு அரெஸ்கி வந்தான். இரண்டு பேர் பக்கம் பக்கமாக நின்றோம்.

பிப்ரவரி 11, 2020

மைதானத்து வாசலில் இப்போது தகரவேலி. வேலிக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் வீடு விற்கும் பெண். வேலியில் பெரிய படம். ஆறு மாடி, ஒவ்வொரு பால்கனியிலும் செடி, செடிக்குப் பக்கத்தில் சிரிக்கும் ஆட்கள். கட்டடத்தின் பெயரை சில்வானா படித்துச் சொன்னாள். பந்தாட்டக்காரர் தோட்டமாம்.

விற்கும் பெண் வெளியே வந்தாள். சின்ன வயது, குளிரில் மூக்கு சிவந்திருந்தது. பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். “முசே, இங்க ஆடினவங்க பெயரை எல்லாம் நுழைவாயில்ல ஒரு பித்தளைத் தகட்டுல போடப்போறாங்க. எங்ககிட்ட யார் பெயரும் இல்ல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

இருக்கிறதா என்று கேட்கிறாள்.

கூண்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்தாள். சொன்னேன். முதல் சங்கத் தலைவரிலிருந்து சொன்னேன். யார் உருட்டுகிறவர், யார் அடிக்கிறவர், யார் எந்த வருஷம் போனார். ஃபெர்னான், மாதா கோயில் எரிந்த வாரம். க்ளோடியுஸ், பெந்தகோஸ்துக்கு முந்திய ஞாயிறு. எமே, இலையுதிர்காலம். பிறகு மதில்மேல் இருந்தவர்களையும் சொன்னேன். “இவங்களும் ஆடினாங்களா?” என்று கேட்டாள். “ஆடியிருக்கணும்,” என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பெயர்களையும் கணினியில் தட்டினாள்.

சில்வானா என் தோளில் கை வைத்தாள். “போதும்பா, மூச்சு வாங்குது உங்களுக்கு.”

“ஒண்ணே ஒண்ணு, முசே,” என்றாள் அந்தப் பெண். “திறப்பு விழாவுக்குக் கூப்பிடலாம்னு கேக்கறேன். உங்களைத் தவிர இந்தச் சங்கத்துல இன்னும் யாராவது உயிரோட இருக்காங்களா?”

“ஒருத்தர் இருக்கார். டோன்கின்ல, ஆறாவது மாடி. சங்கத்துல சேர்ந்தது மெட்ரோ வர்றதுக்கு முந்தின வருஷம்.”

“அவர் பெயர்?”

அவள் விரலைத் தயாராக வைத்துக்கொள்ளும்வரை பொறுத்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தும் அவள் காதில் விழும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

அரெஸ்கி ஐத் உவாலி.